நார்த் எண்டில் எங்கே சாப்பிடுவது?

அன்புள்ள நண்பா,

அடுத்த மாதம் மகளைப் பார்க்க இருவரும் பாஸ்டன் செல்வதாக எழுதியிருந்தாய், மகிழ்ச்சி. அங்குள்ள இத்தாலியப் பேட்டையான நார்த் எண்டில் நல்ல உணவகமாக ஒன்றே ஒன்றைச் சொல்லும்படி கேட்டிருக்கிறாய். அந்த ஒன்றைத்தான் என்னால் சொல்ல முடியவில்லை.

நான் முதன்முறை போனது ஒரு சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு. ஹானோவர் தெருவில் வாசலில் நின்று கையைப் பிடிக்காத குறையாக அழைத்த ஒருவரை நம்பி உள்ளே போய், புத்தகம் போன்ற உணவுப் பட்டியலைப் புரட்டி, கடைசியில் கஞ்சிப் பதத்தில் குழைந்த பாஸ்தாவைத் தின்றுவிட்டு வந்தேன். பல்லில் சற்றே கடிபட வேண்டிய பண்டம் அது. அங்கே ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கடை; ஒரே கடையில் முழுச் சாப்பாட்டையும் முடிக்க நினைத்ததுதான் என் பிழை என்பது பிறகுதான் புரிந்தது.

பகலில் போவதானால் அதே தெருவில் உள்ள கலேரியா உம்பர்ட்டோவுக்குப் போ. தடித்த சதுரத் துண்டுகளாகச் சிசிலி முறைப் பீட்சா விற்கும் அந்தக் கடை மதியம் மட்டுமே திறந்திருக்கும். அன்றைக்குச் செய்தது தீர்ந்தால் கதவைச் சாத்திவிடுவார்கள். 2018இல் அமெரிக்க உணவுத் துறையின் பெரிய விருதான ஜேம்ஸ் பியர்ட் விருது பெற்ற பிறகும் அந்த வழக்கம் மாறவில்லை. அரான்சினி என்னும் சோற்றுருண்டைக்குள் வழக்கமாக இறைச்சி வைப்பார்கள் என்பதால் சைவமான உன் வீட்டம்மாவுக்கு அது வேண்டாம். வட்டப் பீட்சாதான் வேண்டுமென்றால் தாச்சர் தெருவில் 1926 முதல் இருக்கும் ரெஜினா உண்டு.

மீன் பிரியனான நீ டெய்லி கேட்ச் என்னும் உணவகத்தைத் தவறவிடக் கூடாது. சமையல் நம் கண்முன்னே நடக்கும் அளவுக்குச் சிறிய அறை. கணவாய் மை கலந்த கரிய பாஸ்தாவை வாணலியோடு கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். மாலை ஐந்து மணிக்குள் போய்விடு, கையில் ரொக்கமும் வைத்துக்கொள். சைவத்திற்குக் கணவாய் எதுவும் இல்லாமல், பூண்டும் ஆலிவ் எண்ணெயும் மட்டும் சேர்த்த சாதாரண பாஸ்தா கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கலாம்; ஆனால் அசல் பார்மீசான் பாலாடைக்கட்டியில் பாலை உறைய வைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் என்பதால், மேலே தூவ வேண்டாமென்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இனிப்பை உணவகத்தில் கேட்காதே. பல இடங்களில் அது கிடையவே கிடையாது. கனோலி என்னும், மொறுமொறு ஓட்டுக்குள் இனிப்பை அடைத்த பண்டத்தை வாங்க ஊரெல்லாம் மைக்ஸ் இனிப்புக்கடை வாசலில் வரிசையில் நிற்கும், நூல் கட்டிய வெள்ளைப் பெட்டியோடு திரும்பும். எனக்கென்னவோ 1930இல் தொடங்கிய மாடர்ன் பேஸ்ட்ரிதான் பிடித்தது. நாம் கேட்ட பிறகே ரிக்கோட்டா என்னும் மென்மையான பாலாடைக்கட்டியை உள்ளே நிரப்புவதால் ஓடு நமுத்துப்போவதில்லை. இரவு வெகுநேரம் ஆகிவிட்டால் சேலம் தெருவில் போவாஸ் அடுமனை திறந்திருக்கிறதா என்று பார். (நம் சேலத்துக்கும் அந்தத் தெருவுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.)

ஹேமார்க்கெட் நிலையத்தில் இறங்கிப் பூங்காவைக் கடந்தால் பேட்டை வந்துவிடும். மகள் வீட்டிலிருந்து அங்கு வர எவ்வளவு நேரமாகும் என்று எழுது. பகலா மாலையா என்பதை அதை வைத்து முடிவு செய்வோம்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்