ஆசிரியருக்கு இரு மொழி கட்டாயமா? கிளிநொச்சியிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள நண்பருக்கு,

உமது கடிதம் கிடைத்தது. காலபோக நெல் வெட்டு முடிந்து, கொஞ்சம் ஓய்வாக இருக்கும் வேளையில் பதில் எழுதுகிறேன். முதுகுவலியைத் தவிர எனக்கு வேறு குறையில்லை. நீர் சிறுமியாகக் கண்ட என் தங்கையின் மகள் இப்போது துணுக்காய் கல்வி வலயத்தில் கணித ஆசிரியையாக இருக்கிறாள். அரசாங்கப் பாடசாலையில் படிப்பிக்கும் ஆசிரியர் ஒவ்வொருவரும் இரு மொழி அறிந்திருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது சரியா என்று நீர் கேட்டிருந்தீர். அவளுக்கும் எனக்கும் இடையில் இதே விடயத்தில் ஏற்கெனவே வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கிறது. ஆகவே ஆறுதலாக எழுதுகிறேன்.

நீர் வாழும் கலிபோர்னியாவின் கதையை நான் விளங்கிக்கொண்டவரை, அது பிள்ளையிலிருந்து தொடங்கியது. சான் பிரான்சிஸ்கோவில் சீன வம்சாவளிப் பிள்ளைகள் தங்களுக்கு விளங்காத ஆங்கிலத்தில் பாடம் கேட்டுக்கொண்டிருந்ததைப் பற்றிய லாவ் வழக்கில், எல்லோருக்கும் ஒரே புத்தகத்தையும் ஒரே ஆசிரியரையும் கொடுத்துவிட்டால் சமத்துவம் வந்துவிடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1974 இல் தீர்ப்பளித்தது. பின்னர் 1998 இல் அந்த மாநில வாக்காளர்கள் 227 ஆம் முன்மொழிவின் மூலம் இருமொழி வகுப்புகளைப் பெரும்பாலும் ஒடுக்கினார்கள். 2016 இல் 58 ஆம் முன்மொழிவின் மூலம் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கினார்கள். ஆனால் இடைப்பட்ட காலத்தில் இருமொழி ஆசிரியர்களைப் பயிற்றும் வழிகள் சுருங்கிப்போயிருந்தபடியால், வகுப்புகளை மறுபடி தொடங்க அனுமதி கிடைத்தும் அவற்றை நடத்த ஆட்கள் போதவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் கடைசிச் செய்திதான்.

இலங்கையில் எங்கள் கதை அரச உத்தியோகத்தரிலிருந்து தொடங்கியது. சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கிய 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு தமிழ் உத்தியோகத்தர்கள் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடைய வேண்டியிருந்ததும், சித்தியடையாதவர்களின் சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டதும் உமக்குத் தெரியும். எழுதுவினைஞர் சேவையில் இருந்த கோடீஸ்வரன் அதை எதிர்த்துத் தொடுத்த வழக்கு, 1964 இல் மாவட்ட நீதிமன்றத்தில் அவர் பக்கம் தீர்ந்து, உயர் நீதிமன்றத்தில் தோற்று, 1969 இல் லண்டனில் இருந்த கோமறைக் கழகம் (பிரிவி கவுன்சில்) வரை போனது. அரச ஊழியர் தம் சம்பளத்துக்காக வழக்காடலாம் என்று சொன்ன கோமறைக் கழகம், சட்டம் அரசியலமைப்புக்கு ஏற்றதா என்ற கேள்விக்கு விடை சொல்லாமல் திருப்பி அனுப்பிவிட்டது. மொழித் தேர்ச்சியையும் சம்பள ஏற்றத்தையும் ஒரே வாக்கியத்தில் கேட்டால் இங்குள்ள மூத்த ஆசிரியர்களின் முகம் ஏன் மாறுகிறது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

1987 இல் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 2007 யூலை முதல் அரச சேவையில் சேர்பவர்கள் ஐந்து ஆண்டுகளுக்குள் மற்ற அரச கரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்று பொது நிருவாகச் சுற்றுநிருபம் வந்தது. அதன் நோக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். பொலிஸ் நிலையத்துக்கு முறைப்பாட்டோடு போகிற கிழவிக்கு, தான் சொன்னது எந்த மொழியில் எழுதப்பட்டிருக்கிறது என்று தெரியாமல் ஒப்பம் வைக்க வேண்டிய நிலை இன்னும் வருகிறது. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் இரு மொழி அறிந்திருப்பது அவளுடைய உரிமை. ஆனால் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டானுக்கு அப்பால் மூன்றாம் வகுப்புப் படிப்பிக்கும் ஆசிரியையின் முன்னால், தமிழ் விளங்காத பிள்ளை ஒன்றும் இல்லை. அவர் மற்ற மொழியைப் படித்துச் சான்றிதழ் வாங்குவதால் அந்த வகுப்பில் என்ன மாறும்? வவுனியா தெற்கு வலயத்தில், சிங்கள மொழிப் பாடசாலைகளும் தமிழ் மொழிப் பாடசாலைகளும் அருகருகே இருக்கும் இடத்தில், நான் வேறு மாதிரி யோசிப்பேன். கட்டாயம் வகுப்பறையைப் பார்த்து வர வேண்டும். சேவை முழுவதுக்கும் ஒரே அளவில் வெட்டித் தைத்த சட்டை எவருக்கும் பொருந்தாது.

ஆறாம் வகுப்பிலிருந்து பிள்ளைகளுக்குச் சிங்களம் இரண்டாம் மொழிப் பாடமாக இருக்கிறது. அதைப் படிப்பிக்கவே முறையான பயிற்சி பெற்றவர்கள் போதாமல், கொஞ்சம் பேசத் தெரிந்தவர் எவரோ அவரிடம் அந்த நேரசூசியை ஒப்படைத்துவிடுகிற பாடசாலைகள் இங்கே உண்டு. பெற்றோர் இந்தப் பாடத்தை வெறுக்கவில்லை. கொழும்பில் வேலை தேடும் பிள்ளைக்கு அது வேண்டும் என்று அவர்களே கேட்கிறார்கள். கணித ஆசிரியரை மொழிப் பரீட்சைக்கு அனுப்புவதற்கு முன், இந்தப் பாடத்துக்கு ஓர் ஆசிரியரை அனுப்பலாம் அல்லவா?

ஆனால் என் மருமகள், அந்தத் தங்கையின் மகள், என்னை மடக்குவது சிங்கள விடயத்தில் அல்ல, ஆங்கில விடயத்தில். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் எங்கள் கிளிநொச்சியின் அறிவியல் நகரில் இருக்கிறது. அங்கே விரிவுரைகள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. அந்த வளாகத்து மதிலைக் கடந்து தினமும் பாடசாலைக்குப் போகும் பிள்ளை உயர்தரம் வரை கணிதத்தைத் தமிழில் படிக்கிறது. ‘தாய்மொழியில் படிப்பிப்பதே போதும் என்று ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பேசுகிறவர்களின் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள், மாமா?’ என்று அவள் கேட்டபோது நான் மறுமொழி சொல்லவில்லை. அவள் கேட்டது நியாயம். தமிழில் ஆழமாகப் படித்த பிள்ளை ஆங்கிலத்தில் தடுமாறினாலும் மீளும் என்றே நான் இன்னும் நம்புகிறேன். அந்த மீட்சிக்குப் பாடசாலை ஒன்றும் செய்யாமல் இருப்பதை என்னாலும் நியாயப்படுத்த முடியாது.

சில பாடங்களை ஆங்கிலத்தில் படிக்கும் இருமொழிக் கல்வி 2002 முதல் ஆறாம் வகுப்பில் தொடங்கியது. ஏட்டில் நல்ல திட்டம்தான். வன்னியில் அது ஆசிரியர் ஒருவரின் தோளிலேயே நிற்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து ஏ-9 வீதியால் விடிய முதல் பஸ் ஏறி வருகிற ஒருவர், ஆங்கிலமும் விஞ்ஞானமும் ஒன்றாகத் தெரிந்தவர், ஆர்வத்தோடு ஒரு வகுப்பைத் தொடங்குகிறார். வெளிமாவட்டச் சேவைக்காலம் முடிந்ததும் இடமாற்றம் கேட்டுப் போய்விடுகிறார். அவரைப் பிழை சொல்ல முடியாது. அவருக்கும் வீடு உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு பாடசாலையில், இரண்டு வருடம் விஞ்ஞானத்தை ஆங்கிலத்தில் படித்த பிள்ளைகள் அதன்பின் தமிழ் வகுப்புக்குத் திரும்பி, கலைச்சொற்கள் இரு பக்கமும் பிடிபடாமல் நின்றார்கள். அந்தப் பிள்ளைகளை நினைத்தால், இப்படி நடுவில் நிறுத்துவதைவிடத் தொடங்காமல் இருந்திருக்கலாம் என்றே சொல்வேன்.

இந்த நிலையில் எல்லோருக்கும் பொதுவான ஒரு கட்டாயத்தைக் கொண்டுவந்தால், அதன் முதல் விளைவு வன்னிக்கு வர இருக்கும் ஆசிரியர் வேறு பக்கம் பார்ப்பதாகவே இருக்கும். அதிகஷ்டப் பிரதேசப் பாடசாலைக்கு ஏற்கெனவே ஆள் வருவது அரிது. கட்டாயம் இல்லாவிட்டால் ஒருவரும் படிக்கமாட்டார்கள் என்று மருமகள் சொல்கிறாள். நான் சொல்வது, கட்டாயம் வரட்டும், ஆனால் அதை முதலில் பயிற்றுகிறவர்கள் மேல் வையுங்கள் என்பது. வவுனியா தேசிய கல்வியியற் கல்லூரியில் கணிதமும் விஞ்ஞானமும் பயில வருகிற வன்னிப் பிள்ளைகளுக்கு, விடுதியில் தங்கிப் படிக்கும் காலத்திலேயே தம் பாடத்தை இரு மொழியிலும் படிப்பிக்கும் முறையைக் கற்பித்து, அவர்களைச் சொந்த வலயத்திலேயே நியமிக்கலாம். சேவையில் இருப்பவர்களுக்குச் சம்பளத்தோடு விடுவிப்புக் கொடுத்துப் படிக்க விடலாம். சனிக்கிழமைக் கருத்தரங்கில் மதியச் சாப்பாட்டுப் பார்சலோடு முடியும் பயிற்சியால் எவருக்கும் ஆங்கிலம் வந்ததாக நான் காணவில்லை.

மருமகளும் அவளோடு படிப்பிக்கும் சிலரும் இதுபற்றி வலயக் கல்விப் பணிமனைக்கு ஒரு மகஜர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு உம்மிடமிருந்து சில விபரங்கள் வேண்டும். உமது பக்கத்தில் இருமொழி அங்கீகாரம் பெற்ற ஆசிரியருக்கு மேலதிகக் கொடுப்பனவு உண்டா? படிக்கும் காலத்தில் அவருடைய வகுப்பை யார் பார்க்கிறார்கள்? ஆசிரியருக்கு உதவியாக இருக்கும் இருமொழி உதவியாளர்களை முழு ஆசிரியராக உயர்த்த வழி வைத்திருக்கிறார்களா? உமது மனைவி பாடசாலை ஒன்றில் அப்படி வேலை செய்வதாக முன்பு எழுதியிருந்தீர். அவரிடம் கேட்டால் சட்டப் புத்தகத்தில் இல்லாததும் தெரியவரும். சித்திரை வருடப் பிறப்புக்கு முன் கிடைத்தால், மகஜரோடு சேர்த்துவிடலாம்.

அன்புடன்,
உமது நண்பன்