மிச்சமிருக்கும் அந்த மாத்திரை அட்டை

அன்புள்ள செந்திலுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. மறுபடியும் மனசு பாரமாக இருக்கிறது, பழைய மாத்திரை ஓர் அட்டை மிச்சமிருக்கிறது, அதையே போட்டுக்கொள்கிறேன் என்று நேற்று சொன்னாய். வேண்டாம்யா. போனில் பேசினால் வாக்குவாதமாகிவிடும், அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தப் பழைய மாத்திரை, எஸ்சிட்டலோபிராம் என்கிற சோர்வு மருந்து, உன்னை எழுப்பி உட்காரவைத்தது உண்மைதான். குளித்தாய், சாப்பிட்டாய், சிரித்தாய். பிறகு தூக்கம் போயிற்று. விடிய விடியப் பேச்சு, கொஞ்சமும் களைப்பில்லை. கம்பெனி தொடங்கப் போகிறேன் என்று கிரெடிட் கார்டைத் தேய்த்தாய். தடுத்த அப்பாவை எதிரி என்றாய். அதை நினைத்து இன்னும் கூசுகிறாய் என்று தெரியும். நோய் பேசிய பேச்சு அது. அப்பா மனதில் ஒன்றுமில்லை.

டாக்டர் அன்று சொன்னதை மறக்காதே. மனச்சோர்வு என்று வருகிற சிலருக்கு அடியில் இருப்பது இருதுருவ நோய், அதாவது சோர்வும் பித்தும் மாறி மாறி வருவது. முதலில் சோர்வு மட்டுமே தலைகாட்டினால் கண்டுபிடிப்பது கஷ்டம். அவர்களுக்குச் சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால், சிலரை அது பித்துநிலைக்கு, அன்று உனக்கு வந்த மாதிரி, தள்ளிவிடும். டிரைசைக்ளிக் என்கிற பழைய வகைச் சோர்வு மாத்திரைகளிலும், வென்லாஃபாக்சின் என்கிற இன்னொரு சோர்வு மாத்திரையிலும் இந்த ஆபத்து கூடுதல். உன்னுடையதில் குறைவு, ஆனால் உனக்கு வந்துவிட்டதே! கோவில்பட்டி சின்னத்தாத்தாவும் மாதக்கணக்கில் முடங்கிக் கிடப்பார், திடீரென்று எழுந்து நிலத்தை விற்கக் கிளம்புவார். நம் குடும்பத்தில் இது இருக்கிறது, ராசா.

பித்து வராமலிருக்க நீ போடுகிற லித்தியத்தால் கை நடுங்குகிறது என்று அதை நீயாக நிறுத்திவிடாதே. திடீரென்று நிறுத்தினால் பித்து திரும்பி வரும். நடுக்கத்துக்கு டாக்டர் அளவைப் பார்த்துக் குறைப்பார். ரத்தத்தில் லித்தியம், தைராய்டு, சிறுநீரகம் மூன்றும் பார்த்து எவ்வளவு நாளாயிற்று? தலைவலிக்கு இபுபுரூஃபென் போடாதே, லித்தியம் ரத்தத்தில் ஏறிவிடும்.

இப்போதைய சோர்வுக்கு வழியில்லாமல் இல்லை. குவெட்டியபின், லாமோட்ரிஜின் என்று இந்த நோய்க்கே கொடுக்கிற மருந்துகள் இருக்கின்றன. எது பொருந்தும் என்பது டாக்டர் பாடு. புனே டாக்டருக்கு உன் பழைய கதை தெரியாது. எந்த மாத்திரைக்குப் பிறகு என்ன ஆனது, சின்னத்தாத்தாவுக்கு என்ன இருந்தது, எல்லாவற்றையும் தாளில் எழுதிக் கொடு. சோர்வில் வாய் வராது.

ராத்திரியில் உயிர் மேல் வெறுப்பு வந்தால் எங்களை எழுப்பு. நாங்கள் எடுக்காவிட்டால் 14416-க்கு, டெலி மானஸ் என்கிற அரசாங்க மனநல உதவி எண்ணுக்கு, போடு, தமிழிலும் பேசுவார்கள்.

அட்டையை இன்றைக்கே மருந்துக்கடையில் கொடுத்து அப்புறப்படுத்தச் சொல். டாக்டர் எந்த நாள் வரச்சொன்னார் என்று சொன்னால் அப்பாவும் நானும் ரயில் ஏறுகிறோம்.

அம்மா