எங்கள் நிறத்தில் கை வைக்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள்

மதிப்பிற்குரிய எடிட்டர் வடிவமைப்புக் குழுவினருக்கு,

வணக்கம். நிரல் எழுத நாங்கள் பயன்படுத்தும் உங்கள் எடிட்டருக்கு அண்மையில் நீங்கள் வெளியிட்ட அப்டேட்டைப் பற்றித்தான் இந்த மடல். எதைச் சொல்ல வருகிறேன் என்று உங்களுக்கே தெரியும். உங்கள் பக் பட்டியலில் அதைப் பற்றிய புகார்கள் வரிசைகட்டி நிற்கின்றன. வெளியீட்டுக் குறிப்பில் "டார்க் தீமுக்குப் புதுப்பொலிவு" என்று ஒரே ஒரு வரி, பக்கத்தில் ஒரு ராக்கெட் படம். அந்த ஒரு வரிக்குள் டிஃப் (கோப்பில் எந்த வரி சேர்ந்தது, எது நீங்கியது என்று காட்டும் பார்வை) நிறங்களுக்கான செட்டிங் பெயர்களை மாற்றியிருக்கிறீர்கள், நிரலுக்கு நடுவே மனிதர் படிப்பதற்காக எழுதும் கமென்ட்டின் சாம்பல் நிறத்தை இன்னும் மங்கலாக்கியிருக்கிறீர்கள், சொல்லின் பொருளறிந்து நிறம் பூசும் செமான்டிக் ஹைலைட்டிங்கை எல்லோருக்கும் தானாகவே இயக்கிவிட்டிருக்கிறீர்கள். ராக்கெட்டுக்குக் கிடைத்த இடம் இவற்றில் எதற்கும் கிடைக்கவில்லை.

எனக்குச் சிவப்பு–பச்சை நிறக்குறைபாடு உண்டு. அபூர்வமான சங்கதி ஒன்றுமில்லை. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. மற்ற மக்களிடையே அளவு மாறும், ஆனால் இல்லாத இடம் இல்லை. சேர்த்த வரி பச்சை, நீக்கிய வரி சிவப்பு என்பதெல்லாம் உங்கள் கண்ணுக்கு. என் கண்ணுக்கு, இரண்டும் ஒரே அளவு வெளிச்சத்தில் இருந்தால், ஒரே களிமண் நிறம்தான். அதனால் எந்த எடிட்டரை நிறுவினாலும் முதல் வேலையாக செட்டிங்ஸ் கோப்பைத் திறந்து, சேர்த்ததற்கு நீலம், நீக்கியதற்கு ஆரஞ்சு என்று மாற்றிவிடுவேன். நீலமும் ஆரஞ்சும் என்னைப் போன்றவர்களுக்குக் குழப்பமில்லாமல் பிரிந்து தெரியும். உங்கள் எடிட்டரிலும் அப்படித்தான் வைத்திருந்தேன். வருடக்கணக்காக ஒரு தொந்தரவும் இல்லை.

அப்டேட்டுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் உட்கார்ந்து பார்த்ததாகத் தெரியவில்லை. நான் டிஃப்பை இரண்டு பலகையாகப் பிரிக்காமல் ஒரே பலகையில் பார்ப்பவன். அதில் நீக்கிய நாலைந்து வரிகள் மேலே வரும், அவற்றுக்குப் பதிலாகச் சேர்த்த நாலைந்து வரிகள் உடனே கீழே வரும். இரண்டு கூட்டத்துக்கும் நடுவே கோடு கிடையாது. எல்லையைக் காட்டுவது நிறம் மட்டும்தான். நான் வைத்த நீலமும் ஆரஞ்சும் காணாமல் போய், உங்கள் வெளிர்பச்சையும் வெளிர்சிவப்பும் வந்து உட்கார்ந்துகொண்டன. எனக்கு அது எட்டுப் பத்து வரிகள் ஒரே துணியாக விரித்துப் போட்டது போல இருந்தது. ஒரு வரியில் "குறைவு" என்ற குறி, அதேபோன்ற இன்னொரு வரியில் "குறைவு அல்லது சமம்". எது பழையது, எது புதியது? சரி, ஓரத்தில் கூட்டல் கழித்தல் குறி இருக்குமே என்று பார்த்தால், திரை நெரிசலைக் குறைப்பதற்காக அதையும் எடுத்துவிட்டீர்களாம்! நிறம் தெரியாதவனுக்கென்று மிச்சமிருந்த ஒரே துணை அதுதான்.

நிறத்தை மட்டுமே நம்பி ஒரு தகவலைச் சொல்லக் கூடாது என்பது இணைய அணுகல்தன்மை விதிகளில் மிகப் பழைய பாடம். 2008இல் வந்த டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.0 என்ற விதித்தொகுப்பு அதைத் தெளிவாகவே சொல்கிறது.

என் செட்டிங்ஸ் கோப்பில் பழைய பெயரும் நான் கொடுத்த நிறமும் அப்படியேதான் இருந்தன. நீங்கள் பெயரை மாற்றியதால் எடிட்டர் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஒரு கமா விட்டுப்போனால் ஊரைக் கூட்டுகிற எடிட்டர், "இந்தப் பெயர் இப்போது புழக்கத்தில் இல்லை, புதிய பெயர் இது" என்று சொல்ல மட்டும் வாய் திறக்கவில்லை. பழைய பெயரைப் பார்த்தால் புதிய பெயருக்குத் திருப்பிவிடுவது எத்தனை வரி வேலை என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பயனர் வைத்த நிறத்தை அவரிடம் கேட்காமல் மாற்றாதீர்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

செமான்டிக் ஹைலைட்டிங் கதையும் இதேதான். அது நல்ல வசதி, மறுக்கவில்லை. வெறும் எழுத்துக்கோலத்தை வைத்து ஊகிக்காமல், நிரலைப் படித்துப் புரிந்துகொள்ளும் மொழிச் சேவையகத்திடம் கேட்டு இது வேரியபிள், இது பாராமீட்டர் என்று பிரித்துக் காட்டுகிறது. ஆனால் பழைய முறையில் ஸ்கோப் பெயர் (நிரலின் ஒவ்வொரு வகைத் துண்டுக்கும் உள்ள அடையாளப் பெயர்) கொடுத்து நாங்கள் எழுதிவைத்த நிறங்களுக்கு மேலே இது ஏறி உட்கார்ந்துகொள்கிறது. கோப்பைத் திறந்ததும் என் நிறம் ஒரு கணம் தெரிகிறது; சேவையகம் விழித்துக்கொண்டதும் உங்கள் நிறம் வந்து அதை மூடிவிடுகிறது. வசதியைக் கொடுங்கள், வேண்டும் என்பவர் இயக்கிக்கொள்ளட்டும்.

கமென்ட்டுக்கு வருகிறேன். சாதாரண அளவு எழுத்துக்குப் பின்னணியோடு குறைந்தது 4.5:1 கான்ட்ராஸ்ட் (ஒளி வேறுபாடு) வேண்டும் என்பது அதே விதிகளின் கணக்கு. உங்கள் புதிய சாம்பல் 3:1ஐக்கூடத் தொடவில்லை. கமென்ட் என்றால் யாரும் படிக்காத குப்பை என்ற எண்ணம் தீம் செய்கிறவர்களிடம் எப்படியோ ஊறிப்போயிருக்கிறது. "இந்த வரியைத் தொடாதே, சம்பளக் கணக்கு நின்றுவிடும்" என்று எவரோ ஒரு புண்ணியவான் எழுதிவைப்பது கமென்ட்டில்தான். ஒரு கோப்பில் மனிதருக்காக மட்டுமே எழுதப்பட்ட பகுதியை மனிதர் கண்ணுக்குத் தெரியாமல் வைப்பதில் என்ன அழகு?

இதே துறையில் ஒழுங்காக நடந்துகொண்டவர்களும் இருக்கிறார்கள். ஈத்தன் ஷூனோவர் 2011இல் வெளியிட்ட சோலரைஸ்ட் என்ற தீம் 16 நிறங்கள் கொண்டது. லைட், டார்க் இரண்டிலும் எழுத்தை எடுத்துக்காட்டும் அதே எட்டு அழுத்த நிறங்கள்தான் வரும். ஒளி அளவை, மனிதக் கண் உணர்வதை ஒட்டி அளக்கும் லேப் என்ற வண்ணக் கணக்கில் பார்த்து அமைத்தவை. அதன் மங்கலான கமென்ட் எனக்குப் பிடிக்காது, அது வேறு விஷயம். ஆனால் அந்த எண்கள் இத்தனை ஆண்டுகள் கழித்தும் அதே எண்கள். 2006இல் மோனோகாய் என்ற தீமை உருவாக்கிய விமர் ஹேசன்பெர்க், பின்னாளில் நிறங்களைப் புதுக்கியபோது மோனோகாய் புரோ என்று தனிப்பெயர் கொடுத்தார். பழையது வேண்டுமென்பவருக்குப் பழையது இருக்கிறது. புதுப்பொலிவு வேண்டுமா, தாராளமாகச் செய்யுங்கள். புதிய பெயரில் செய்யுங்கள்.

சொல்ல வந்ததோடு இதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் எக்ஸ்டென்ஷன் கடையில் கிடைக்கும் தீம்களில் பாதிக்கு மேல் ஊதாப் பின்னணியில் ரோஜா எழுத்துதான். பெயர் மட்டும் நள்ளிரவு, கடல், விண்வெளி என்று மாறும். மாதிரிப் படத்தில் எப்போதும் ஒரு குட்டி ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு. வானவில் போல மின்னும். நிறுவிவிட்டு செட்டிங்குகள் எழுதும் ஒரு யாமல் கோப்பைத் திறந்தால் தலையிலிருந்து கால்வரை ஒரே நிறம். லைட் தீம் பயன்படுத்துகிறவர்கள் பாடு இன்னும் மோசம். அவர்களைக் கேலி செய்வதே ஒரு பொழுதுபோக்கு. அஸ்டிக்மாடிசம் என்ற பார்வைக்குறைபாடு உள்ள பலருக்குக் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து கசிந்து பரவித் தெரியும்; இருட்டுத் திரையில் கண்மணி விரிவதால் மங்கல் கூடும். அவர்களுக்கு லைட் தீம் தேவை. அதில் வெள்ளைத் தாளில் மஞ்சள் எழுத்தை வைத்த மேதை யாரென்று தெரிந்தால் ஒரு வணக்கம் வைக்கலாம். நிறங்களை நாமே மாற்றிக்கொள்ளலாம் என்றால், நூற்றுக்கணக்கான செட்டிங் பெயர்கள். அவற்றில் எது எந்தக் கோட்டைத் தொடும் என்பது அதை எழுதியவருக்கே மறந்திருக்கும்.

கோபத்தில் வேறு பக்கம் போய்விட்டேன். கேட்க வந்ததைப் பணிவாகவே கேட்கிறேன். பழைய தீமை அதன் பழைய பெயரிலேயே திரும்பக் கொடுங்கள்; புதியதை அதன் பக்கத்தில் வையுங்கள். செட்டிங் பெயரை மாற்றும்போது பழைய பெயரும் வேலை செய்யட்டும், முடியாவிட்டால் கோப்பைத் திறக்கும்போதே எச்சரியுங்கள். டிஃப்பில் கூட்டல் கழித்தல் குறிகள் நிறுவும்போதே இயங்கும் நிலையில் இருக்கட்டும், வேண்டாதவர் அணைத்துக்கொள்ளட்டும். எங்கள் செட்டிங்ஸ் கோப்பில் நாங்கள் எழுதிய நிறத்தை எங்களைக் கேட்காமல் எந்த அப்டேட்டும் மாற்ற வேண்டாம்.

இதைப் பற்றி நான் பதிந்த புகாரை "வடிவமைத்தபடியே இயங்குகிறது" என்று சொல்லி மூடியிருக்கிறீர்கள். அப்படித்தான் வடிவமைத்தீர்கள் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை, புகாரே அதுதான். தயவுசெய்து அதைத் திரும்பத் திறந்து, அடுத்த அப்டேட்டுக்கு முன் ஒரு பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் எடிட்டரை இன்னும் பயன்படுத்திக்கொண்டிருக்கும் ஒருவர்