முன்விடுதலை: நீதிபதி இல்லாமலும் கூடலாம்

ஆசிரியருக்கு,

ஆயுள் கைதிகளைத் தண்டனை முடியும் முன்பே விடுவிப்பது (முன்விடுதலை) பற்றிய உங்கள் தலையங்கம் விதிகளைப் பேசியது. விதியைக் கையில் வைத்திருப்பவர்களைத் தொடவில்லை. பரோல் சில நாள் விடுப்புதான். தண்டனை மறுஆய்வு வாரியம் கூடுவது அதற்கல்ல, முன்விடுதலைக்கு.

தேசிய மனித உரிமை ஆணையத்தின் வழிகாட்டுதல்படி, அந்த வாரியத்தின் தலைவர் உள்துறைச் செயலாளர். சட்டச் செயலாளர், தலைமை நன்னடத்தை அலுவலர், ஐ.ஜி. நிலையில் ஒரு போலீஸ் அதிகாரி, உயர் நீதிமன்றம் அனுப்பும் மாவட்ட நீதிபதி ஆகியோர் உறுப்பினர்கள். சிறைத்துறைத் தலைவர் உறுப்பினர்-செயலர். ஆக, அரசுக்குக் கீழே இல்லாதவர் நீதிபதி ஒருவர்தான். கூட்டம் நடக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கையோ (கோரம்) நான்கு பேர்! நீதிபதி வராவிட்டாலும் கூட்டம் நடக்கும், பரிந்துரையும் செல்லும். டெல்லியில் அமைச்சரே தலைவர். 2002 குஜராத் கலவரத்தில் நடந்த கூட்டு வன்புணர்வு, கொலைகள் தொடர்பான பில்கிஸ் பானு வழக்குக் கைதிகளுக்கு முன்விடுதலை பரிந்துரைத்த கோத்ரா சிறைக் குழுவில் ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.க்கள் இருவர் இருந்தனர். மும்பை சிறப்பு நீதிபதியும் சி.பி.ஐ.யும் வேண்டாம் என்று எழுதியிருந்தும் 2022 ஆகஸ்டில் 11 பேரும் வெளியே வந்தார்கள். விசாரணை நடந்தது மகாராஷ்டிரத்தில், எனவே குஜராத்துக்கு அதிகாரமே இல்லை என்று 2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

வேண்டியவர்களுக்குக் கதவு திறப்பது ஒரு பக்கம். யாருமில்லாத கைதிக்குக் கோப்பு நகராததுதான் அன்றாடம் நடப்பது. கொலை வழக்கில் ஆயுள் தண்டனை என்றால் 14 ஆண்டு உள்ளே இருந்தாக வேண்டும் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 475). பிறகு சிறைக் கண்காணிப்பாளர், போலீஸ், நன்னடத்தை அலுவலர் அறிக்கைகளும், தண்டித்த நீதிமன்றத்தின் கருத்தும் சேர வேண்டும். போலீஸ் அறிக்கை பெரும்பாலும் ஒரே வரி: ‘விடுவித்தால் பொது அமைதிக்குக் குந்தகம்.’ யார் அமைதி, எந்த ஊரில், ஏன்? எதுவும் இருக்காது. தீர்ப்பளித்த நீதிபதி எப்போதோ மாறிப் போயிருப்பார். இப்போது அந்த இருக்கையில் இருப்பவர் பழைய தீர்ப்பைப் புரட்டிவிட்டு, குற்றம் கொடியது என்று எழுதி அனுப்புவார். குற்றம் மீண்டும் நடக்க வாய்ப்புண்டா, மேலும் உள்ளே வைப்பதால் பயன் என்ன, குடும்ப நிலை எப்படி என்பதையெல்லாம் பார்க்கச் சொல்லி லக்ஷ்மண் நஸ்கர் வழக்கில் 2000-லேயே தீர்ப்பு இருக்கிறது. அவற்றைத் தொடாத நீதிபதியின் கருத்து போதாது என்று 2022-ல் ராம் சந்தர் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. சி.பி.ஐ. விசாரித்த வழக்கானால் மத்திய அரசின் ஒப்புதலும் வேண்டும். ராஜீவ் காந்தி கொலைக் கைதிகள் பற்றிய ஸ்ரீஹரன் வழக்கில் 2015-ல் முடிவான விஷயம் அது.

மாநிலத்தில் முன்விடுதலைக் கொள்கை இருந்தால், தகுதி வந்த கைதியை அவர் மனு போடாமலே பரிசீலிக்க வேண்டும், காரணம் எழுதி அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2025 பிப்ரவரி உத்தரவு. கூடவே இரண்டு செய்தால் போதும்: நீதிபதி இல்லாத கூட்டத்தைக் கூட்டமாகக் கணக்கில் எடுக்கக் கூடாது, மறுப்பு ஆணையிலேயே அன்று யார் யார் வந்திருந்தார்கள் என்று போட வேண்டும். இதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை, உள்துறையின் ஓர் அரசாணை போதும்.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர்,
மதுரை