கடிகாரம் வேண்டாம், சண்முகம்

திருப்பூர்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்திய செய்தியோடு, அக்டோபரில் சீனாவின் குவாங்சோ கண்காட்சிக்குப் போய்க் குழந்தை உடுப்புகளுக்கான பொத்தானையும் ஜிப்பையும் நேரடியாக வாங்கப்போவதையும் அறிந்து மகிழ்ந்தேன்.

அங்குள்ள முதலாளிக்குச் சுவர்க்கடிகாரம் கொண்டு போகலாமா என்று கேட்டிருக்கிறாய். அதை மட்டும் செய்துவிடாதே. கடிகாரம் கொடுப்பதைச் சொல்லும் ‘சோங் ஜோங்’ என்ற தொடர், சாகக் கிடப்பவர் அருகிலிருந்து இறுதிக் கடமை செய்வதைச் சொல்லும் தொடரைப் போலவே ஒலிக்கும். தஞ்சாவூர்த் தட்டு ஒன்றைச் சிவப்புத் தாளில் சுற்றி இரு கைகளாலும் கொடு. உன் எதிரில் பிரித்துப் பார்க்காவிட்டால் வருந்தாதே, அது அவர்கள் மரியாதை.

அவர்கள் பொதுமொழியான மாண்டரினில் நான்கு தொனிகள் உண்டு. ‘மாய்’ என்பதைக் குரலைத் தாழ்த்தி வளைத்துச் சொன்னால் வாங்குவது. மேலிருந்து சட்டென்று இறக்கினால் விற்பது. முதல் பயணத்தில் ஜோங்தா துணிச்சந்தையில் நான் வாங்க வந்ததைச் சொல்லப்போக, கடைக்காரப் பெண்மணி என் பையைப் பார்த்து, என்ன விற்கிறாய் என்பதுபோல் கையை நீட்டினார். பிறகு சிரித்துக்கொண்டே கால்குலேட்டரை என் பக்கம் தள்ளினார். அவர் ஒரு விலை தட்டுவார், நான் அழித்துவிட்டு வேறொன்று தட்டுவேன். இன்றும் பேரத்துக்கு அதுதான் எனக்கு மொழி. ஆனாலும் வணக்கத்துக்கு ‘நீ ஹாவ்’, நன்றிக்கு ‘ஷியே ஷியே’ இரண்டையும் பழகிக்கொள். குடும்பப் பெயர் முன்னால் வரும் என்பதையும் மறவாதே. முதலாளியின் அட்டையில் வாங் என்று தொடங்கினால் அவர் ‘வாங் ட்சோங்’, அதாவது வாங் முதலாளி.

இல்லை என்ற சொல்லை நேராகச் சொல்லிக் கூட்டத்தில் ஒருவர் முகத்தை வாடவைப்பது அங்கே பெரும் பிழை. ஆகவே ‘யென்ஜியூ யென்ஜியூ’, அதாவது ஆராய்ந்து பார்க்கிறோம் என்றால், பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் ‘ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்’ என்பதைப் போல எடுத்துக்கொள்.

அதைவிட என்னைச் சுட்ட சொல் ‘சா பு துவோ’, ஏறத்தாழ அதேதான் என்று பொருள். ஒருமுறை சாம்பிளில் இளநீலமாக இருந்த பொத்தான், லாட்டில் சற்றுப் பச்சை ஏறி வந்தது. அனுப்பியவரிடம் கேட்டதற்கு இந்தச் சொல்தான் பதில்; முன்பணம் 30 சதவீதம் போக மீதி 70 சதவீதத்தையும் அதற்குள் கட்டியிருந்தேன். அன்றிலிருந்து சாம்பிள் அட்டையை இரண்டாக வெட்டி, இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்கிறோம். சரக்கு கப்பலேறும் முன் ஒப்பிட்டுப் பார்க்க அங்கேயே ஓர் ஆளும் வைத்திருக்கிறேன். ஒப்பந்தத்தில் நிறுவனத்தின் வட்டச் சிவப்பு முத்திரையைக் கேட்டு வாங்கு, வெறும் கையெழுத்தை நம்பாதே. தனியாள் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னால் எழுந்து வந்துவிடு.

விருந்தில் ‘வோ ச்சி சூ’, நான் சைவம், என்று சொன்னாலும் குழம்பில் இறைச்சிச் சாறு இருக்கலாம், கேட்டுச் சாப்பிடு. யாராவது தேநீர் ஊற்றினால் இரண்டு விரலால் மேசையை மெல்லத் தட்டினால் போதும், குவாங்சோ இருக்கும் குவாங்டாங் பக்கம் அதுவே நன்றி. சோற்றில் சாப்பிடும் குச்சிகளைச் செங்குத்தாகக் குத்தி வைத்துவிடாதே, இறந்தவருக்கு ஊதுவத்தி ஏற்றிய தோற்றம் வந்துவிடும்.

சீனப் புத்தாண்டையொட்டி ஆலைகள் வாரக்கணக்கில் மூடிவிடும் என்பதால், சித்திரைக்கு வேண்டிய சரக்கைக் கார்த்திகையிலேயே சொல்லிவிடு. போகுமுன் ஒரு ஞாயிறு இங்கே வந்தால் அந்தப் பாதி அட்டையைக் காட்டுகிறேன்.

அன்புடன்,
இராமலிங்கம்