காலிக் கட்டங்களையும் அச்சிடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆய்வக முடிவுகளை வைத்து நீங்கள் போடும் வரைபடங்களில் ஒரு விவரம் மட்டும் வருவதே இல்லை. எத்தனை மாதிரிகளுக்கு முடிவே கிடைக்கவில்லை என்பதுதான் அது. கோடு இடைவெளியே இல்லாமல் அழகாகப் போகிறது. ஆய்வகத்தில் வேலை பார்க்கிற எனக்கு அதைப் பார்த்தாலே சந்தேகம் வருகிறது, ஏனென்றால் எல்லாக் கட்டமும் நிரம்பிய எக்செல் தாள் அபூர்வம்.

காலியாக இருப்பதற்குக் காரணங்கள் பல. ரத்த மாதிரியில் சிவப்பணுக்கள் உடைந்திருந்தால் உள்ளிருக்கும் பொட்டாசியம் கசிந்து அளவைப் பொய்யாக ஏற்றிவிடும் என்பதால் அந்த முடிவை நிறுத்திவிடுவார்கள், அதே குழாயில் சோடியம் பெரும்பாலும் சரியாகவே வரும். மாதிரி போதாமை, கருவிப் பழுது எல்லாம் வேறு. இவற்றைவிடச் சிக்கல், கண்டறியும் வரம்புக்குக் கீழே போகும் மதிப்புகள். லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்குக் கீழே ஆர்சனிக் இருந்தால் ஒரு கருவிக்குப் பிடிபடாது என்று வைத்துக்கொள்வோம், அதற்காக அது 0 ஆகிவிடாது, 1-க்குக் கீழே ஏதோ ஒன்று, அவ்வளவுதான். பூஜ்யம் போட்டால் சராசரி இறங்கும், விட்டுவிட்டால் ஏறும். வரம்பில் பாதியைப் போட்டு ஒப்பேற்றுவதும் உண்டு. ஒன்றிரண்டு கட்டம் என்றால் சரி, பாதித் தாளே அப்படி என்றால் நாம் வரைவது நம் கற்பனையைத்தான்.

சரி, எப்படி அளப்பது? மொத்தமாக 5 சதவீதம் காலி என்று சொல்வதில் பயனில்லை. 20 பரிசோதனைகளில் ஒன்று முழுக்கவே நடக்காவிட்டாலும் 5 சதவீதம்தான், எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறியிருந்தாலும் அதே 5தான். அதனால் மாதிரி வாரியாகவும் பரிசோதனை வாரியாகவும் தனித்தனியாக எண்ண வேண்டும். அப்புறம் மாதிரிகளைத் தேதி வரிசையில் அடுக்கி, காலிக் கட்டத்துக்கு மட்டும் கறுப்படித்துப் பாருங்கள். அடுத்தடுத்த வரிசைகள் பட்டையாகக் கறுத்தால் அந்த நாட்களில் கருவியிலோ வேலையிலோ ஏதோ நடந்திருக்கிறது. சராசரி குறைவான பொருட்களில் மட்டும் கறுப்பு கூடினால் வரம்பைச் சந்தேகிக்கலாம். விடுபட்டதன் காரணத்தை எப்போது பொருட்படுத்தாமல் கணக்கிடலாம், எப்போது கூடாது என்று புள்ளியியலாளர் டொனால்ட் ரூபின் 1976-லேயே எழுதிவிட்டார், இன்னும் நாம் கோட்டை இழுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

முடிவு இல்லாத இடத்தில் கோட்டை உடைத்து விடுங்கள், வரம்புக்குக் கீழே உள்ளதற்கு வெற்று வட்டம் போடுங்கள், காலி எத்தனை என்று அடியில் ஒரு வரி சேருங்கள். இடமில்லை என்று வடிவமைப்பாளர் சொன்னால், வரைபடப் பட்டைகளுக்குப் பின்னால் அழகுக்குப் போடும் நிழலை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஆய்வக ஊழியர் ஒருவர்