அந்தமான் பயணம்: திரும்பும் கப்பல் டிக்கெட்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஜனவரி 24, சனிக்கிழமை காலை ஹேவ்லாக் தீவிலிருந்து போர்ட் பிளேர் திரும்புகிறோம். தனியார் விரைவுக் கப்பல் என்றால் சுமார் ஒன்றரை மணி நேரம். அரசுக் கப்பலில் இன்னும் கூடுதலாகும். சீசன் என்பதால் இருக்கைகள் வேகமாக நிரம்பும். எல்லோருக்கும் சேர்த்தே பதிவு செய்யலாம்.

1. அடையாள அட்டையில் உள்ளபடி பெயர், வயது அனுப்புங்கள். குழந்தைகளையும் சேர்த்து.
2. துறைமுகத்துக்கு அசல் அட்டை வேண்டும்.
3. அங்கே சிக்னலை நம்ப முடியாது. டிக்கெட்டை அச்செடுத்து வையுங்கள்.
4. அன்றே ஊருக்கு விமானம் போடாதீர்கள். கடல் கொந்தளித்தால் கப்பலையே ரத்து செய்துவிடுவார்கள், அப்புறம் விமானமும் போய்விடும். ஓர் இரவு போர்ட் பிளேரில் தங்கி 25ஆம் தேதி கிளம்புவதே சரி. ஏற்கெனவே 24க்கு எடுத்தவர்கள் உடனே சொல்லுங்கள், மாற்ற வழி பார்க்கலாம்.
5. கப்பலில் குமட்டல் வருபவர்கள் மருத்துவரிடம் கேட்டு மாத்திரை எடுத்து வாருங்கள்.

விவரங்களை டிசம்பர் 5, இரவு 9 மணிக்குள் இங்கேயே பதிவிடுங்கள். வராதவர்களும் ‘இல்லை’ என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.